‘எக்ஸ்எம்எல் வசதி உண்டு’ என்ற உறுதியை நம்பி உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் வாங்குவோர் கவனத்திற்கு

எங்கள் தொழில்நுட்பக் கையேடுகளை எக்ஸ்எம்எல் வடிவில் (உரையின் ஒவ்வொரு பகுதியையும் குறிகளால் அடையாளமிடும் வடிவம்) சேமித்து, அவற்றைப் பகுதி பகுதியாகத் தேடித் திருத்துவதற்கான மென்பொருளை ஒரு நிறுவனத்திடம் வாங்கினோம். தரவுத்தளமே எக்ஸ்எம்எல்லை நேரடியாகக் கையாளும் என்று முன்மொழிவில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது பொய் என்பது முழுத் தொகையையும் செலுத்திய பிறகே தெரிந்தது.

கையேடுகள் பெருகப் பெருகத் தேடல் மந்தமானதால், அட்டவணையின் அமைப்பைத் திறந்து பார்த்தோம். தரவுத்தளம் மைஎஸ்கியூஎல்; ஆவணங்கள் இருந்த நெடுவரிசையின் வகையோ வெறும் லாங்டெக்ஸ்ட், அதாவது நீண்ட உரையை அப்படியே வைக்கும் வகை. மைஎஸ்கியூஎல்லில் எக்ஸ்எம்எல்லுக்கெனத் தனித் தரவு வகையே கிடையாது. எக்ஸ்ட்ராக்ட்வேல்யூ, அப்டேட்எக்ஸ்எம்எல் என்ற இரண்டு செயற்கூறுகள் மட்டுமே உண்டு என்பதால், ஒரே ஒரு தலைப்பைத் தேடினாலும் ஒவ்வொரு வரிசையிலும் உள்ள ஆவணம் முழுவதையும் எடுத்து மீண்டும் பார்ஸ் செய்துகொண்டிருந்தது (குறிகளைப் படித்துப் பகுதிகளாகப் பிரித்தறிவது). ஐபிஎம்மின் டிபி2 தரவுத்தளம் 2006இலேயே ஆவணத்தை மர வடிவில் சேமிக்கத் தொடங்கிவிட்ட நிலையில், உரைப்பெட்டியில் கொட்டி வைப்பதை ‘நேரடி ஆதரவு’ என்று விற்பது ஏமாற்று வேலைதான்.

கடுமையாக முறையிட்ட பிறகு, எக்ஸ்எம்எல் தரவு வகையும் அதற்கான இண்டெக்ஸும் (தேடலை விரைவாக்கும் சுட்டுப்பட்டியல்) உள்ள மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்துக்கு மாற்றித் தந்தார்கள். தேடல் சீரானது, உரை சிதைந்தது. தடித்த எழுத்தில் ஒரு சொல்லும் அடுத்து சாய்வெழுத்தில் ஒரு சொல்லும் வரும் இடங்களிலெல்லாம் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. இரு குறிகளுக்கிடையே வெற்றிடம் மட்டும் இருந்தால் அந்தத் தரவு வகை இயல்பாகவே அதை நீக்கிவிடும். காப்பாற்ற வேண்டுமானால் தரவு வகையை மாற்றும் கன்வெர்ட் செயற்கூறில் 1 என்ற பாணி எண்ணைத் தர வேண்டும். தயாரிப்பின் ஆவணத்திலேயே தெளிவாக எழுதப்பட்டுள்ள இதைக்கூடப் படிக்காமல் இடமாற்றம் செய்ததோடு, பழைய அட்டவணையையும் அழித்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த வேதனை.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், நெடுவரிசையின் வகையையும், உங்கள் தேடலுக்கு இண்டெக்ஸ் பயன்படுகிறதா என்பதை வினவலின் செயல்திட்டத்திலும் (தரவுத்தளம் அந்தத் தேடலை எப்படி நடத்துகிறது என்ற விவரம்) காட்டச் சொல்லுங்கள். வகையின் பெயர் எக்ஸ்எம்எல் என்றிருந்தால் மட்டும் போதாது: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அந்த வகை உண்டு, ஆனால் அதன் மதிப்புகளை ஒப்பிடும் செயற்குறிகள் இல்லாததால் அந்த நெடுவரிசைக்கு நேரடியாக இண்டெக்ஸ் போட முடியாது. உங்கள் சொந்த ஆவணம் ஒன்றை உள்ளே ஏற்றி, வெளியே எடுத்து, மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டும் பாருங்கள்.

ஒட்டிய சொற்களை எங்கள் திருத்தர்கள் அச்சுப் பிரதிகளை வைத்துக் கையால் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்; அந்த நிறுவனமோ, அதைச் செய்து தரத் தனிக் கட்டணம் கேட்கிறது.