கூரை டிவியா, சீட்டுக்குப் பின்னாடி ஸ்கிரீனா, கழட்டி எடுக்குற டேப்லெட்டா: மூணு வண்டியில மூணையும் வச்சு ஓட்டிப் பார்த்தாச்சு

காரைக்குடியில நமக்கு வாடகை வண்டி மூணு ஓடுது. ஒரு பழைய இன்னோவா, ஒரு எர்டிகா, ஒரு கிரிஸ்டா. மூணுலயும் பின் சீட்டுல படம் பாக்குற மாதிரி வச்சிருக்கேன், ஆனா மூணும் மூணு மாதிரி, இது ஒண்ணும் யோசிச்சு செஞ்சது இல்ல, ஒண்ணு சரியில்லன்னு அடுத்தது, அதுவும் சரியில்லன்னு அதுக்கு அடுத்ததுன்னு காசைக் கொட்டுனதுல வந்தது. போன வாரம் தேவகோட்டையில ஒரு தம்பி புது வண்டி எடுத்துட்டு "அண்ணே, பின்னாடி எதைப் போடலாம்"னு போன்ல கேட்டாப்ல, அரை மணி நேரம் பேசியும் முடியல, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

முதல்ல நம்ம ஓட்டம் எப்படின்னு சொல்லிடுறேன், ஏன்னா அதை வச்சுத்தான் எல்லாம். திருச்சி ஏர்போர்ட்டுல சிங்கப்பூர், கோலாலம்பூர் ஃப்ளைட்ல இறங்குற குடும்பத்தை ஏத்திக்கிட்டு புதுக்கோட்டை வழியா ஊருக்கு வர்றது ரெண்டு மணி நேரம். மறுநாள்ல இருந்து கோயில். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இரணியூர், பிள்ளையார்பட்டின்னு நகரத்தார் கோயில் ஒன்பதையும் சுத்தணும்னு வருவாங்க, ஒவ்வொரு இடத்துலயும் முக்கால் மணி, ஒரு மணி நிக்கணும். நடுவுல கானாடுகாத்தான்ல பழைய செட்டிநாட்டு வீடு பாக்குறது, ஆத்தங்குடியில தரைக்குப் பதிக்குற கல்லு பாக்குறது. ஆக வண்டி ஓடுற நேரத்தை விட வெயில்ல நிக்கிற நேரம்தான் ஜாஸ்தி. சித்திரை, வைகாசியில கண்ணாடியை ஏத்திட்டு ஒரு மணி நேரம் நிறுத்துனா உள்ள 55, 60 டிகிரி சாதாரணமா வந்துரும். கடைக்காரர் ஏசி ரூம்ல வச்சு கலர் கலரா ஓட்டிக் காட்டுறப்போ இதெல்லாம் நமக்கு ஞாபகத்துக்கே வராது.

பழைய இன்னோவாவுல இருக்குறது கூரையில இருந்து மடக்கி இறக்குற டைப். 10 இன்ச், டிவிடி போடலாம், பென்டிரைவ் சொருகலாம், வயர் இல்லாத ஹெட்போன் ரெண்டு கூடவே வந்துச்சு. இதுல ஒரு பெரிய சௌகரியம் என்னன்னா ஏழு பேருக்கும் ஒரே படம், யாரும் எதையும் தொட வேண்டாம். அப்பத்தாமாரை கூட்டிட்டு வர்ற பார்ட்டிக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்ல. நான் பழைய பாட்டா போட்டு ஒரு பென்டிரைவ் ரெடி பண்ணி வச்சிருக்கேன், வண்டி கிளம்புனதும் ஓட விட்டா ராமேஸ்வரம் வரைக்கும் பின்னாடி சத்தமே வராது. தூங்கிருவாங்கங்குறது வேற விஷயம்.

கஷ்டம் எங்கன்னா, டிவியை இறக்குனா உள் கண்ணாடியில எனக்கு பின்னாடி ரோடு பாதி தெரியாது. சைடு கண்ணாடியை வச்சே சமாளிக்கணும், பழகிக்கலாம், ஆனா புது டிரைவர் கையில குடுக்கும்போது சொல்லித்தான் குடுக்கணும். அடுத்தது, வெயில்ல நல்லா சூடு ஏறுற இடம் கூரைத் தகடு, இந்த டிவி அதுல முதுகை ஒட்டிக்கிட்டு தொங்குது. ஆனாலும் இது இத்தனை வருஷம் தாங்கிருச்சு, ஏன்னா கார்க்குன்னே செய்யுற பேனல் பொதுவா மைனஸ் 30ல இருந்து 85 டிகிரி வரைக்கும் தாங்குற மாதிரி வரும், வீட்டு சாமான்ல போடுற பேனல் 50 டிகிரியிலயே திணறும். வாங்கும்போது இந்த ஒரு நம்பரை மட்டும் டப்பாவுல பாருங்க, மத்த வர்ணனை எல்லாம் அப்புறம்.

டிவிடி பத்தி ஒரு கூத்து சொல்லணும். சிங்கப்பூர்ல இருந்து வந்த ஒரு குடும்பம், பிள்ளைங்களுக்குன்னு கார்ட்டூன் டிஸ்க் ஒரு கட்டு கொண்டாந்தாங்க, எதைப் போட்டாலும் பிளேயர் வெளிய தள்ளுது. லென்ஸ் போச்சுன்னு நெனச்சு மறுநாள் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அப்புறம்தான் தெரிஞ்சது, டிஸ்க்குக்கு ஊருக்கு ஊர் ரீஜன்னு ஒரு நம்பர் பூட்டு உண்டு, சிங்கப்பூர், மலேசியா டிஸ்க் ரீஜன் 3, நம்ம இந்தியாவுக்கு ரீஜன் 5, பூட்டு மாறுனா சாவி சேராது. நம்ம கடையில வாங்குன தமிழ்ப் பட டிஸ்க் பெரும்பாலும் பூட்டு இல்லாம வந்ததால எனக்கு இப்படி ஒண்ணு இருக்குறதே தெரியல. இப்ப டிஸ்க் யாரும் கொண்டாறது இல்ல, அந்தச் சந்துல செம்மண் தூசி போகாம ஒரு டேப்பை ஒட்டி மூடியாச்சு.

பென்டிரைவ்லயும் ஒரு சூட்சுமம் இருக்கு. பழைய பிளேயர் எல்லாம் எஃப்ஏடி32 ஃபார்மட்தான் படிக்கும், அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது. இப்ப டவுன்லோடு ஆகுற படம் பாதி எச்265ங்குற படத்தைச் சுருக்குற புது முறையில வருது, அது இந்த மெஷினுக்குப் புரியாது, திரை கறுப்பா நிக்கும். சிலது படம் ஓடும், சத்தம் மட்டும் வராது, ஆடியோ டிடிஎஸ்ங்குற ஃபார்மட்டுல இருந்தா அப்படித்தான். கம்ப்யூட்டர்ல போட்டு எம்பி4, எச்264, ஏஏசி ஆடியோன்னு மாத்தி, 720 தெளிவுல ஏத்துங்க, 10 இன்ச்சுக்கு அதுக்கு மேல வேண்டியதே இல்ல. மடக்குறப்போ நடுவுல பிடிச்சு மடக்கணும், மூலையில பிடிச்சு இழுத்தா கீல்குள்ள போற ரிப்பன் வயர் நைஞ்சு படத்துல கோடு விழ ஆரம்பிக்கும். இதைப் பிள்ளைங்க கிட்ட சொல்லி பிரயோஜனம் இல்ல, நீங்களே இறங்கி மடக்கிருங்க.

எர்டிகாவுல போட்டது சீட்டு தலைசாய்க்குற கம்பியில மாட்டுற ஆண்ட்ராய்டு ஸ்கிரீன், ஜோடி. பாக்க சூப்பரா இருக்கும், ஏறுற பார்ட்டி எல்லாம் அசந்து போவாங்க, முதல் நாள் மட்டும். நான் மூணுலயும் வருத்தப்பட்டு செலவு பண்ணது இதுக்குத்தான். ஏன்னா ஓடிடி ஆப் எல்லாம் போட்டுக்கலாம்னு சொல்லி வித்தாங்க, போடவும் முடியுது, ஆனா படம் 480 தெளிவுலதான், மங்கலா ஓடுது. இந்த மாதிரி விலை கம்மி ஸ்கிரீன்ல வைட்வைன்னு படத்தைக் காப்பி அடிக்க விடாத ஒரு பாதுகாப்பு சமாச்சாரம் எல்3 லெவல்லதான் இருக்கும், எல்1 இருந்தாத்தான் ஹெச்டி குடுப்பாங்க. பேனல் என்னவோ ஃபுல் ஹெச்டிதான், தண்ணி வராத வீட்டுல வெள்ளிக் குழாய் வச்ச கதை.

அப்புறம், ஸ்டார்ட் அடிக்கிற அந்த ஒரு நொடி பேட்டரி வோல்ட் 12ல இருந்து 10, 9ன்னு இறங்கும், உடனே ரெண்டு ஸ்கிரீனும் அணைஞ்சு மறுபடி முதல்ல இருந்து ஆன் ஆகும். ஒன்பது கோயில் சுத்துனா ஒன்பது தடவை "அங்கிள், விட்ட இடத்துல இருந்து வரல". இன்னொண்ணு யாரும் சொல்லாதது, இது டச் ஸ்கிரீன், பின்னாடி பிள்ளை கேம் விளையாடிக்கிட்டு குத்து குத்துன்னு குத்தும், முன் சீட்டுல உக்காந்திருக்கிற ஐயா தலை அங்க ஆடும். ஒரு பெரியவர் திருமயம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துட்டு, அப்புறம் பேத்தியை முன்னாடி வரச் சொல்லிட்டு அவர் பின்னாடி போயிட்டாரு. வயரும் தொல்லை, முன் சீட்டை தள்ளுனா தண்டவாளத்துல நசுங்கும். சீட்டுக்குள்ள சைடு ஏர்பேக் இருக்குற வண்டியா இருந்தா அந்தப் பக்கம் வயரைச் சுத்தவே விடாதீங்க. சடன் பிரேக் போட்டா பின்னாடி இருக்கிறவங்க மூஞ்சிக்கு நேரா இருக்குறது கண்ணாடி, அதனால இந்த வண்டியில பின் சீட்டு பெல்ட் போடாம நான் கிளம்புறது இல்ல. 2019 திருத்தத்துக்கு அப்புறம் பெல்ட் இல்லைன்னா 1000 ரூபா ஃபைன் வேற. கடைசியா ரெண்டு வைகாசி தாண்டுறதுக்குள்ள இடது பக்க ஸ்கிரீன்ல ஒரு மூலை கறுத்துப் போச்சு, வெயில்தான்.

கிரிஸ்டாவுக்கு வரும்போது புத்தி வந்திருச்சு. ஸ்கிரீனே வாங்கல. ஹோல்டர் ரெண்டு, டேப்லெட் ரெண்டு, 12 வோல்ட் சாக்கெட்டுல சொருகுற டைப் சி ஃபாஸ்ட் சார்ஜர் ஒண்ணு, அவ்வளவுதான் செலவு. ஓடிடி ஹெச்டியில ஓடுது, வண்டியில ஒரு வயரை வெட்டல, கோயில் வாசல்ல நிறுத்துனதும் ரெண்டையும் கழட்டி துணிப்பையில போட்டுக்கிட்டு ஊருணிக் கரையில நிழலா பார்த்து நான் உக்காந்துருவேன். அதுல ஒண்ணு ஐபேட், அந்தக் கம்பெனியே 35 டிகிரி வரைதான் உபயோகிக்கலாம், அணைச்சு வச்சா 45 வரைதான் தாங்கும், நிறுத்துன கார்ல வைக்காதீங்கன்னு போட்டிருக்கான். 60 டிகிரி வண்டிக்குள்ள விட்டா என்ன ஆகும்? ஸ்கிரீன்ல சூடுன்னு எச்சரிக்கை வந்து நின்னுரும், அது பரவாயில்ல, உள்ள இருக்குற லித்தியம் பேட்டரி உப்ப ஆரம்பிச்சா பொருளே போச்சு. உப்புனதை அமுக்கிப் பாக்குறது, ஊசியால குத்துறது எல்லாம் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். அதே மாதிரி சூடா இருக்குன்னு ஐஸ் பெட்டிக்குள்ள வைக்குற ஆளும் இருக்காங்க, உள்ள தண்ணி கோர்த்துக்கும்.

டேப்லெட்டுலயும் தலைவலி இல்லாம இல்ல. வண்டியோட வர்ற சாதா யூஎஸ்பி ஓட்டையில சொருகுனா சார்ஜ் ஏறுறதை விட இறங்குறது வேகமா இருக்கும். படத்தை கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்டு வைஃபையில இறக்கிக்கணும், வழியில சிக்னல் விட்டு விட்டு வரும். சில ஆப்புல இறக்குன படம் ஒரு தடவை ப்ளே அழுத்துனா 48 மணி நேரத்துல காலாவதி ஆகுறதும் உண்டு, அதனால சோதிச்சுப் பாக்குறேன்னு முந்தா நாளே அழுத்தி வைக்காதீங்க. ஹோல்டர் ஸ்குரூவை வாரம் ஒரு தடவை முறுக்கணும், பிரேக் அடிக்கிறப்போ அரை கிலோ சாமான் பறந்தா கல்லு வந்து விழுந்த மாதிரி.

சத்தம் விஷயத்துல மூணும் ஒரே சண்டைதான். ஸ்பீக்கர்ல போட்டா ஒரே கார்ட்டூன் பாட்டை காரைக்குடியில இருந்து மதுரை வரைக்கும் ஓட்டுறவன் கேக்கணும், அது என்ன பாவத்துக்கு? கூரை டிவியோட வர்ற ஐஆர் ஹெட்போன், டிவி ரிமோட் மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஒளியில ஓடுறது, நேருக்கு நேர் பார்த்தாத்தான் வேலை செய்யும், பிள்ளை திரும்பி அம்மாகிட்ட பேசுனா கர்ர்னும், சாயங்கால வெயில் ஜன்னல் வழியா அடிச்சாலும் கர்ர்னும். புளூடூத் எங்க திரும்புனாலும் வரும், ஆனா மட்டமானதுல வாய் அசைஞ்ச பிறகு பேச்சு வரும். டேப்லெட்டுக்கு வயர் ஹெட்போன்தான் என் சாய்ஸ், இருபது தடவை அறுந்தாலும் விலை கம்மி. பிள்ளைங்களுக்குன்னு சத்தத்தைக் கட்டுப்படுத்தி வர்றதா வாங்குங்க. உலக சுகாதார அமைப்பு சொல்ற கணக்கு பெரியவங்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75.

வாந்தி மேட்டர். கண்ணு ஆடாத படத்தைப் பாக்குது, காதுக்குள்ள இருக்குற பேலன்ஸ் உறுப்பு வண்டி திரும்புறதைச் சொல்லுது, ரெண்டும் ஒத்துப் போகலைன்னா வயித்தைப் பெரட்டும். நம்ம பக்கம் ரோடு நேரா, தட்டையா கெடக்குறதால அவ்வளவா வராது, ஆனா கொடைக்கானல் ட்ரிப்ல வத்தலகுண்டு தாண்டுனதும் எல்லாத்தையும் அணைச்சுருவேன். மடியில குனிஞ்சு பாக்குறதை விட கூரை டிவி இதுல மேல், தலை நிமிர்ந்திருக்கும், ஓரக்கண்ணுல ரோடும் தெரியும். காலையில சீயம், கவுனரிசின்னு ஒரு பிடி பிடிச்சுட்டு ஏறுன பார்ட்டின்னா எந்த ஸ்கிரீனும் வேண்டாம், ஜன்னலைத் திறந்து விடுங்க.

துடைக்குறது பத்தி ஒரு வார்த்தை. பின் சீட்டுல முறுக்கு, தேன்குழல், மனகோலம் இல்லாம எந்தக் குடும்பமும் ஏறாது, அந்த எண்ணெய்க் கை நேரா ஸ்கிரீனுக்குத்தான் போகும். ஆத்தங்குடி கல்லுல எண்ணெய் பட்டா பளபளப்பு கூடும், ஸ்கிரீன் அந்த ஜாதி இல்ல. கண்ணாடி துடைக்குற நீல லிக்விட், சானிடைசர் ரெண்டுமே மேல் பூச்சை அரிச்சுரும். முதல்ல பிரஷ்ஷால மண்ணைத் தட்டணும், நம்ம செம்மண் துகளோட தேய்ச்சா கோடு கோடா கீறல் விழும், அப்புறம் மைக்ரோஃபைபர் துணியை லேசா நனைச்சுப் பிழிஞ்சு, ஸ்கிரீன் அணைஞ்சு ஆறியிருக்கும்போது துடைக்கணும். தண்ணியை நேரா ஸ்கிரீன்ல அடிக்கக் கூடாது, கீழ் விளிம்பு வழியா உள்ள இறங்கிரும்.

வயரிங். எர்டிகாவுக்கு மாட்டிக் குடுத்தவரு நேரா பேட்டரி லைன்ல ஜாயிண்ட் அடிச்சு டேப் சுத்திட்டாரு, ஃபியூஸும் இல்ல. சாவியை எடுத்தாலும் கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும், நாலு நாள் ஷெட்டுல நின்ன வண்டி முகூர்த்தத்தன்னிக்கு காலையில ஸ்டார்ட் ஆகல, பொண்ணு மாப்ள உள்ள உக்காந்திருக்காங்க. சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற ஏசிசி லைன்ல, ஃபியூஸ் பாக்ஸ்ல இருந்தே, தனி ஃபியூஸ் வச்சு எடுக்கச் சொல்லுங்க. கம்பெனி வயரை வெட்டாம சொருகி மாட்டுற கப்ளர் போட்டா வாரண்டி சண்டையும் இல்ல.

ஆக தேவகோட்டைத் தம்பிக்கு, பெருசுங்களை ஏத்துற ஏழு சீட்டு வண்டின்னா கூரை, பிள்ளைக்குட்டியோட வர்ற பார்ட்டின்னா ரெண்டு டேப்லெட். எர்டிகாவுல இருக்குற ஜோடியை இந்த மாசம் கழட்டப் போறேன், சார்ஜரும் ரிமோட்டும் சேர்த்தே குடுத்துடுறேன், வேணும்னா சொல்லு. இடது பக்க மூலை கறுப்பு, அதைத் தெரிஞ்சே வாங்கு.