ஸ்லிப்பா, ஸ்லைடா? கேரம் போர்டில் கிடைத்த விடை

வடசென்னை தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். போன வாரம் பத்தாவது படிக்கும் ஒரு பெண் கேரம் மேட்ச் முடிந்த கையோடு வகுப்புக்கு வந்தாள். விரல் நுனியில் பவுடர்கூடப் போகவில்லை.

"மிஸ், கை ஸ்லைடாயிடுச்சு. ரெட்டு போச்சு."

"கை ஸ்லிப் ஆகும்மா. ஸ்ட்ரைக்கர்தான் ஸ்லைடு ஆகும்."

"ரெண்டும் வழுக்குறதுதானே மிஸ்?"

நியாயமான கேள்வி. தானாக நடந்தால் ஸ்லிப், வேண்டுமென்றே செய்தால் ஸ்லைடு என்றுதான் நானும் பல வருடம் சொல்லிக் கொடுத்தேன். அது பாதிதான் சரி. மலை சரிந்து வீடுகள் மேல் விழுவதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆங்கிலத்தில் அது லேண்ட்ஸ்லைடு. கடன் கொடுத்தவர் தெருமுனையில் வருவதைப் பார்த்துவிட்டு ஒருவர் பின்வாசல் வழியாக நைசாகக் கிளம்பினால், அது முழுக்கத் தெரிந்தே செய்த காரியம்; அதற்கு ஸ்லிப் அவுட். செய்தவர் மனசை வைத்து இந்த இரண்டு சொல்லையும் பிரிக்க முடியாது.

பிடியையும் பாதையையும் வைத்துப் பிரிக்கலாம். ஸ்லிப் என்றால் பிடி விடுபடுகிற அந்த ஒரு நொடி. ஸ்லைடு என்றால் ஒரு பரப்பை ஒட்டியபடியே ஓடுகிற ஓட்டம். கேரம் போர்டு இதற்கென்றே செய்து வைத்ததுபோல இருக்கிறது. போரிக் பவுடர் தூவுவது உராய்வைக் குறைக்க. பதினைந்து கிராமுக்கு மேல் போகாத ஸ்ட்ரைக்கர், பலகையை விட்டு எழும்பாமல் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓடுகிறதே, அது ஸ்லைடு. அடிக்கும் நேரத்தில் வேர்த்த விரல் ஸ்ட்ரைக்கரின் விளிம்பிலிருந்து விலகிப் போகிறதே, அது ஸ்லிப். 2008இல் உலகச் சாம்பியனான வியாசர்பாடி இளவழகியையும், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற புதுவண்ணாரப்பேட்டை காசிமாவையும் தந்த பகுதி இது. இங்கே ஒரு பிள்ளைக்கு இதைப் புரியவைக்க வேறு உதாரணம் எதற்கு?

இரண்டும் அடுத்தடுத்து நடப்பதும் உண்டு. ஒருமுறை விடியற்காலையில் காசிமேட்டுக்கு வஞ்சிரம் வாங்கப் போனேன். ஐஸ் உருகின தண்ணி, மேலே மீன் செதில், அதற்கும் மேலே என் ரப்பர் செருப்பு. குதிகால் சட்டென்று தரையை விட்டது. அதுவரை நடந்தது ஸ்லிப். உட்கார்ந்த வாக்கில் நாலடி தள்ளியிருந்த மீன்கூடை வரை போய் முட்டி நின்றேன். அந்த நாலடி ஸ்லைடு. கூடைக்கார அம்மா, "பாத்து வாம்மா, செதிலு கெடக்குது" என்று கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

தமிழில் ஸ்லிப்புக்கு எனக்குப் பிடித்த சொல் நழுவுதல். கையிலிருந்து டம்ளர் நழுவும், வாய்ப்பு நழுவும், ஆள் கூட்டத்திலிருந்து நழுவுவான். கைதவறிப் போவதும் யாருக்கும் தெரியாமல் கிளம்பிப் போவதும் ஒரே சொல்லுக்குள் அடங்குவது ஆங்கிலத்திலும் அப்படியே. பழம் நழுவிப் பாலில் விழுகிறதே, அதுவும் ஸ்லிப்தான். வழுக்குதலும் பல இடத்தில் பொருந்தும். 139ஆம் குறளில் வள்ளுவர் 'வழுக்கியும்' என்கிறாரே, அது இன்று நாம் டங் ஸ்லிப் என்று சொல்லும் அதே வாய்தவறல்.

சறுக்குதலில்தான் கவனம் வேண்டும். பூங்காவில் பிள்ளைகள் சறுக்குமரத்தில் இறங்குவது ஸ்லைடு. ஆனால் ஆனைக்கும் அடி சறுக்கும் என்கிறபோது ஆனை எங்கும் சறுக்கிக்கொண்டு போகவில்லை, அடி பிடி தவறுகிறது. அங்கே ஆங்கிலத்தில் ஸ்லிப்தான் வரும். சறுக்கினால் ஸ்லைடு என்று மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும்.

செய்தித்தாளில் விலை ஸ்லிப் ஆனது என்றால் கொஞ்சம் இறங்கியது; ஸ்லைடு என்றால் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மழையில் பிரேக் பிடித்து வண்டி இழுத்துக்கொண்டு போவதற்கு நம் ஊரில் எல்லோரும் சரியாகவே ஸ்கிட் என்கிறார்கள், அதில் கை வைக்க வேண்டாம்.

பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரு ஜோடியைத்தான். லெட் ஸ்லிப் என்றால் மறைக்க வேண்டியதை வாய்தவறிச் சொல்லிவிடுவது, அல்லது வாய்ப்பை நழுவவிடுவது. லெட் இட் ஸ்லைடு என்றால் தப்பைப் பார்த்தும் 'போகட்டும் விடு' என்று விடுவது. தம்பி கேக்கைத் தின்றதை அக்கா அம்மாவிடம் உளறிவிட்டால் முதலாவது. அம்மாவுக்குத் தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்தால் இரண்டாவது. மாற்றி எழுதினால் வீட்டில் நடந்த கதையே வேறாகிவிடும்.

இன்னொன்று, ஸ்லைடுக்கு இறந்தகாலம் ஸ்லைடட் கிடையாது, ஸ்லிட். ஸ்லிப்புக்கு ஸ்லிப்ட். மறுநாள் அந்தப் பெண் நோட்டை நீட்டினாள். மேட்சைப் பற்றி இரண்டே வரி: "மை ஃபிங்கர் ஸ்லிப்ட். த ஸ்ட்ரைக்கர் ஸ்லிட் பாஸ்ட் த ரெட்." பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு டிக் போட்டேன்.