ஊமைக் கல்யாணம்: ப்ளேயருக்குக் கோடெக் ஏற்றிய ஐந்து வருஷக் கதை

அக்கா கல்யாணம் 2008-இல். வீடியோக்காரர் கொடுத்த மூன்று டிவிடியும் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தன. 2020 ஊரடங்கில் வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது அவற்றை எம்கேவி என்ற வகை வீடியோ கோப்புகளாக்கி அப்பாவின் டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்தேன். படம் வந்தது. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதுகிறார், தவில்காரர் கை பறக்கிறது, சத்தத்தை மட்டும் காணோம். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன்டா, அன்னைக்கு மேளத்துக்கு எவ்வளவு குடுத்தேன்னு தெரியுமா?" என்றார்.

திரையில் ஒரு நொடி மின்னி மறைந்த வரியைப் படிக்கவே மூன்று தடவை ஓட்ட வேண்டியிருந்தது. ஏசி3 என்ற வகை ஒலியை, படம் ஓட்டும் இந்த ப்ளேயர் ஆப் எடுக்காதாம். ப்ளேயரின் பெயர் வேண்டாம், அதன்மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஏசி3 டால்பி நிறுவனத்தின் சரக்கு. சுருக்கி வைத்த ஒலியையும் படத்தையும் விரித்துக் காட்டும் நிரலுக்குத்தான் கோடெக் என்று பெயர். இப்படிப்பட்ட கோடெக்குகளைச் சேர்த்துக் கொடுக்க உரிமக் கட்டணம் என்று ஒன்று உண்டு. 2012-இல் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி போர்டில், டிவிடிகளில் இருக்கும் எம்பெக்-2 வகைப் படம் ஓட, 2.40 பவுண்டுக்குத் தனியாகச் சாவி விற்றார்கள். விண்டோஸில் ஹெச்இவிசி என்ற புதுவகைப் படத்துக்கான நீட்சிக்கு மைக்ரோசாஃப்ட் கடையில் 0.99 டாலர். இலவச ப்ளேயர் செய்பவர், "கோடெக்கை நீயே கொண்டுவந்து போட்டுக்கொள்" என்று ஒரு கதவை மட்டும் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

நான் அந்தக் கதவுக்குப் போவதற்கு முன்னால் செய்த முட்டாள்தனம், 'கோடெக் டவுன்லோட்' என்று தேடியதுதான். பச்சை பச்சையாய்ப் பொத்தான்கள். ஒன்றைத் தட்டினேன், ஏபிகே கோப்பு, அதாவது ஒரு முழு ஆப்பே இறங்கியது. அது என் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டபோதுதான் புத்தி வந்தது. சத்தம் வருவதற்கு என் சித்தப்பா நம்பர் எதற்கு? நெட் சென்டர் காலத்திலேயே இந்த வித்தை உண்டு. 2006 வாக்கில் 'படம் பார்க்க இந்தக் கோடெக் தேவை' என்று சொல்லித்தான் ஸ்லாப் என்ற ட்ரோஜன், அதாவது நல்லது போல வேஷம் போட்ட கெட்ட நிரல், கணினிகளுக்குள் நுழைந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒரு ஜிப். அதற்குள் எஸ்ஓ என்று முடியும் நூலகக் கோப்பு, அதாவது ப்ளேயர் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் துண்டு, அவ்வளவுதான். அது எந்த அனுமதியும் கேட்காது.

இன்னொன்றையும் அப்போதுதான் ஒழுங்காகப் புரிந்துகொண்டேன். எம்கேவி என்பது தூக்குவாளி. உள்ளே இருப்பது சாம்பாரா ரசமா என்று மூடியைத் திறந்தால்தான் தெரியும். மூடியைத் திறக்க, கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் மீடியாஇன்ஃபோ மென்பொருள் போதும். எங்கள் கல்யாணத்தில் படம் எம்பெக்-2, 720க்கு 576. ஒலி ஏசி3, இரண்டு சேனல். ஆக, தேட வேண்டியது ஒலிக்கு மட்டும்.

அடுத்த இடறல் சிப்பில். டேப்லெட்டில் இருப்பது கார்டெக்ஸ்-ஏ53 என்ற சிப், 64 பிட். அந்தத் தைரியத்தில் 64 பிட் ஜிப்பை இறக்கினேன். ப்ளேயர் தொடவே மாட்டேன் என்றது. அரை நாள் போன பிறகுதான் தெரிந்தது, சிப் 64 பிட்டாக இருந்தாலும் மலிவு டேப்லெட்டில் போட்டிருந்த ஆண்ட்ராய்டு 32 பிட். இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை. அமைப்புகளில் டிகோடர் பக்கத்தின் அடியில் எந்த வகை வேண்டும் என்று ப்ளேயரே எழுதி வைத்திருக்கிறது: 'ஏஆர்எம்வி7 நியான்', அதாவது 32 பிட் வகை. அடிவரை யார் உருட்டிப் பார்க்கிறார்கள்! சரியான ஜிப்பைப் பிரிக்காமல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வைத்தேன். ப்ளேயரே அதைக் கண்டுபிடித்து, ஏற்றட்டுமா என்று கேட்டது. மூடித் திறந்ததும் கெட்டிமேளம். சமையலறையிலிருந்து அம்மா ஓடி வந்தார்.

சத்தம் கொஞ்சம் கம்மிதான், ப்ளேயரிலேயே கூட்டி வைத்தேன். கேமரா திரும்பும்போது சீப்புப் பல் மாதிரி கோடு வருவதற்குக் காரணம் இன்டர்லேஸ், அதாவது ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் படத்தைப் பதியும் முறை, அதற்கும் கோடெக்குக்கும் சம்பந்தமில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். சில மாதம் கழித்து, சம்பந்தி வீட்டார் சோபாவில் உட்கார்ந்திருக்க, மறுபடி ஊமைக் கல்யாணம். ப்ளேயர் இரவோடு இரவாகத் தன்னைத் தானே புதுப்பித்திருக்கிறது, பழைய கோடெக் புதுப் பதிப்போடு சேரவில்லை. இந்த ஐந்து வருஷத்தில் இப்படி மூன்று முறை. மூன்றாவது முறைதான் ப்ளே ஸ்டோரில் அந்த ஆப்புக்கு மட்டும் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

விஎல்சி என்ற இலவச ப்ளேயரைப் போட்டால் போயிற்றே என்பீர்கள். உண்மைதான். 1996-இல் பிரான்ஸின் எகோல் சென்ட்ரால் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது அது. மென்பொருளுக்குக் காப்புரிமையைப் பிரெஞ்சுச் சட்டம் ஏற்பதில்லை என்ற பலத்தில் எல்லாக் கோடெக்கையும் உள்ளேயே வைத்துத் தருகிறார்கள். யாராவது கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். அப்பாவுக்கும் போட்டுக் கொடுத்தேன், இரண்டே நாளில் "பழசையே வை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுபது வயதில் பழகிய விரலை மாற்றச் சொல்ல எனக்கு மனசில்லை. வேடிக்கை என்னவென்றால், விஎல்சி நம்பியிருப்பதும் நான் ஏற்றிய ஜிப்புக்குள் இருப்பதும் பெரும்பாலும் ஒன்றே: 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற நிரலாளர் ஆரம்பித்த எஃப்எஃப்எம்பெக் மென்பொருள். ஒரே அடுப்பில் வெந்த சோறு, இலைதான் வேறு.

சொந்தக் கோப்பென்றால் இன்னொரு வழி எனக்குப் பிடித்தது. அதே எஃப்எஃப்எம்பெக்கைக் கணினியில் வைத்து, படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் ப்ளேயருக்குத் தெரிந்த ஏஏசி வகை ஆக்கிவிடலாம். ஒரு டிவிடிக்குச் சில நிமிஷம்தான், பிறகு எந்தப் புதுப்பிப்பும் அதை ஒன்றும் செய்யாது. கல்யாணக் கோப்புகள் மூன்றையும் அப்படி மாற்றிவிட்டேன். ஆனாலும் உறவுக்காரர்கள் பென்டிரைவில் கொண்டுவருவதில் ஈ-ஏசி3, டிடிஎஸ் என்று ப்ளேயர் எடுக்காத ஒலி ஏதாவது இருந்துகொண்டே இருக்கிறது. அதனால் கோடெக்கை எடுக்கவில்லை.

போன மாதம் அப்பாவுக்குப் புது டேப்லெட் வாங்கினோம். டிகோடர் பக்கத்தின் அடிவரை உருட்டினேன்: 'ஏஆர்எம்வி8 நியான்', அதாவது 64 பிட் வகை. 2020-இல் தவறாக இறக்கிய 64 பிட் ஜிப் என் கணினியில் இன்னும் கிடக்கிறது. ஆசையாய் எடுத்துப் பார்த்தேன். பதிப்பு எண் சேரவில்லை.