செம்பெயர்ச்சி: படத்தை நம்பலாமா, நிறமாலைக்குக் காத்திருக்கலாமா?

"இதுவரை கண்டதிலேயே தொலைவான விண்மீன் திரள்" என்று செய்தி வந்தால், தூரத்தை எப்படி அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள். பிரபஞ்சம் விரிவதால், தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் நீண்டு சிவப்புப் பக்கம் நகர்கிறது. அந்த நகர்வின் அளவுதான் செம்பெயர்ச்சி. அது கூடக் கூடத் தூரமும் கூடும். அதை அளக்க வழி இரண்டு. ஃபோட்டோ-இசட் என்பது சில ஃபில்டர்கள் வழியே படமெடுத்து, எந்த நிறத்தில் எவ்வளவு வெளிச்சம் என்பதை வைத்துச் செம்பெயர்ச்சியைக் கணிப்பது. ஸ்பெக்-இசட்டில் ஒளியை நிறமாலையாக விரித்து, ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் கோடுகள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று நேரடியாக அளக்கிறார்கள்.

படமெடுப்பது சுலபம், ஒரே படத்தில் ஆயிரக்கணக்கான திரள்கள் சிக்கும். வெகு தொலைவிலுள்ள திரளின் புற ஊதா ஒளியை வழியிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடுவதால், குறுகிய அலைநீள ஃபில்டர்களில் அது தெரியாது, நீண்டவற்றில் மட்டும் தலைகாட்டும். வம்பு என்னவென்றால், தூசி நிறைந்த, அவ்வளவு தொலைவில் இல்லாத திரளும் அதே வேஷம் போடும்.

சியர்ஸ்-93316 என்ற திரள் அப்படித்தான் ஏமாற்றியது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் 2022 படங்களை வைத்து இதன் செம்பெயர்ச்சி 16.4 என்று கணித்தார்கள். அதாவது, பெருவெடிப்புக்குப் பின் சுமார் 24 கோடி ஆண்டுகளிலேயே இருந்த திரள். 2023-இல் நிறமாலை எடுத்தபோது வந்த விடை 4.9. அதாவது, நாம் பார்க்கும் காலம் பெருவெடிப்புக்குப் பின் 120 கோடி ஆண்டுக்குத் தாவிவிட்டது. ஹைட்ரஜன், ஆக்ஸிஜனின் பலமான ஒளிர்கோடுகள் சரியாகச் சில ஃபில்டர்களுக்குள் விழுந்து அங்கே பிரகாசத்தைக் கூட்டிக் காட்டியிருந்தன. அதே ஆய்வில் மெய்சீஸ் திரள் என்பது 11.4 என்று உறுதியானது. அதன் படக் கணிப்பு ஏறக்குறைய சரியாகவே இருந்தது. எனவே படக் கணிப்பே பொய் என்று ஒதுக்கவும் முடியாது.

தனித் திரளுக்குச் சாதனை கோரினால், என் ஓட்டு நிறமாலைக்குத்தான். ஆனால் கூட்டத்தை அளக்கும்போது கதை வேறு. அரிசோனாவிலுள்ள டெசி கருவி ஒரு தடவையில் 5,000 ஃபைபர்களைத் திருப்பி நிறமாலை எடுக்கிறது. ஐந்தாண்டுக்கு அது முதலில் வைத்த இலக்கு சுமார் 4 கோடி பொருள்கள். சிலியிலுள்ள ரூபின் ஆய்வகம் பத்தாண்டில் ஆறு ஃபில்டர்களில் பதியப்போவது சுமார் 2,000 கோடி திரள்கள். இத்தனைக்கும் நிறமாலை எடுப்பது நடக்கிற காரியமா?

துல்லியத்தில் மட்டும் ஃபோட்டோ-இசட் உதைக்கும். செம்பெயர்ச்சி 1-இல் 0.04 பிழை என்றால், தூரத்தில் ஏறக்குறைய 30 கோடி ஒளியாண்டு. டெசி தேடும் பேரியான் அலைவின் (ஆதிப் பிரபஞ்சத்தின் ஒலி அலைகள் திரள்களின் பரவலில் விட்டுச்சென்ற தடம்) அளவே சுமார் 49 கோடி ஒளியாண்டு என்பதால், பார்வைத் திசையில் அந்தத் தடம் மங்கிப்போகும். இடையிலுள்ள பொருளின் ஈர்ப்பு, பின்னாலுள்ள திரள்களின் ஒளியை வளைப்பதை அளக்கும் ஈர்ப்பு வில்லை ஆய்வுகளுக்கு இந்தப் பிழை பாதகமில்லை. அங்கே திரள்களைக் கும்பலாகப் பிரித்துச் சராசரி எடுக்கிறார்கள். அந்தச் சராசரி ஒரு பக்கமாகச் சாய்ந்தால்தான் ஆபத்து.

அந்தச் சாய்வைச் சரிபார்க்கவும் நிறமாலைதான் வேண்டும். படக் கணிப்பு செய்யும் இயந்திரக் கற்றல் நிரல்கள் பழகுவதும் நிறமாலை கிடைத்த திரள்களை வைத்தே. அவையோ பெரும்பாலும் பிரகாசமானவை. மங்கலான திரள்களிடம் போகும்போது நிரல் தான் பழகாத இடத்தில் கணிக்கிறது.