கம்போடியா மிஷன் ட்ரிப் பேக்கேஜ்: வேன் சூப்பர், சாப்பாடு சூப்பர், ஆனா அந்த ஹோம் விசிட்டு...

மொதல்ல மார்க்க போட்டுடறேன், அவசரத்துல இருக்கவங்க அதோட கிளம்பிடலாம். ஹோட்டல், வேன், சாப்பாடு, ட்ரான்ஸ்லேட்டர் எல்லாத்துக்கும் சேத்து அஞ்சுக்கு நாலரை. எதுக்காக சர்ச்சுல கேக் வித்து, பிரியாணி பொட்டலம் போட்டு காசு சேத்தோமோ அந்த சில்ட்ரன்ஸ் ஹோம் விசிட்டுக்கு அஞ்சுக்கு ஒன்னு, அந்த ஒன்னும் பிள்ளைங்க மூஞ்சிக்காகத்தான். ஏஜென்சி பேரு போட மாட்டேன், போட்டா நேரா எங்க பாஸ்டருக்கு போன் போகும். சிங்கப்பூர் சர்ச்சுங்களுக்கு இந்த மாதிரி ட்ரிப் ஏற்பாடு பண்றவங்ககிட்ட விசாரிச்சு வச்சிருக்கவங்க யாருன்னாலும் படிங்க, உதவும்.

நல்லதுல ஆரம்பிக்கிறேன். ஃபிளைட்டு ரெண்டு மணி நேரம்தான், ஏறி உக்காந்து கண்ண மூடினா தலைநகரம் புனோம் பென். நமக்கு விசா வேணாம், ஆனா ஈ-அரைவல்னு ஆன்லைன்ல ஒரு ஃபார்ம் இருக்கு, வயசானவங்களுக்கெல்லாம் ஏஜென்சி பொண்ணே உக்காந்து போட்டுக் குடுத்துச்சு. அப்புறம் டாலர் நோட்டு விஷயம், இத முன்னாடியே சொல்லி வச்சாங்க பாருங்க, அதுக்கே ஒரு ஸ்டார் தரலாம்: அங்க கடையில யூஎஸ் டாலர் ஓடும், ஆனா ஓரம் லேசா கிழிஞ்சிருந்தாலும், பேனா கீறல் இருந்தாலும் வாங்க மாட்டாங்க, மீதி சில்லறை ரியல்ல தருவாங்க, டாலருக்கு சுமார் 4000 ரியல். எங்க ட்ரெஷரர் அங்கிள் நோட்ட எல்லாம் அயர்ன் பண்ணி கொண்டு வந்தாரு, சிரிக்காதீங்க, நெஜமா.

வேன் டிரைவர் தங்கமான மனுஷன். புனோம் பென்ல இருந்து சியம் ரீப்புக்கு ஆறாம் நம்பர் ஹைவே, முன்னூறு கிலோமீட்டருக்கு மேல, ஒரு தடவ கூட சடன் பிரேக் இல்ல, பாஸ்டரம்மாவுக்கு வண்டில வாந்தி வரும்னு தெரிஞ்சதும் முன் சீட்ட அவங்களுக்கு ஒழிச்சுக் குடுத்துட்டு வழியெல்லாம் மெதுவாத்தான் ஓட்டுனாரு. நடுவுல ஸ்கூன்னு ஒரு ஊரு, அங்க மார்க்கெட்ல பெரிய பெரிய சிலந்திய பொரிச்சு மலையா குவிச்சு வச்சிருப்பாங்க, எங்க யூத் பசங்க ரெண்டு பேரு பந்தயம் கட்டி தின்னானுங்க, கால் மொறுமொறுன்னு நண்டு வறுவல் மாதிரி இருக்காம், வயிறு பத்தி மட்டும் வாயே திறக்கல. சாப்பாடு பொதுவா நமக்கு ஒத்துக்கும், காலைல சோறும் பன்றி வறுவலும், மதியம் தேங்காப்பால்ல வேகவச்ச மீன் ஆமோக், காரம் கம்மி, அதுக்கு ஆன்ட்டிங்க பையில ஊறுகாய் பாட்டில் இருந்துச்சு. துவோல் ஸ்லெங் மியூசியத்துக்கும் கூட்டிட்டுப் போனாங்க, 1975ல இருந்து 1979 வரைக்கும் கெமர் ரூஜ்ங்கற கொடூர கம்யூனிஸ்ட் ஆட்சி காலத்துல ஸ்கூல் கட்டடத்த ஜெயிலாக்கி வச்சிருந்த எடம். அத பத்தி இங்க எழுதல, போய் பாருங்க.

இப்ப மேட்டருக்கு வரேன்.

புக் பண்ணும்போது எங்ககிட்ட என்னென்ன வாங்கினாங்கன்னா பாஸ்போர்ட் காப்பி, டி-ஷர்ட் சைஸ், சாப்பாட்டுல ஏதாவது ஆகாதா, அவ்வளவுதான். பிள்ளைங்க இருக்குற எடத்துக்கு நாப்பது வயசு அம்பது வயசு ஆம்பளைங்க பொம்பளைங்க கும்பலா போறோம், நீங்க யாரு, உங்க மேல கேஸ் கீஸ் இருக்கா, பிள்ளைங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு ஒரு பேப்பர், ஒரு அரை மணி நேர பேச்சு, ஒன்னுமே இல்ல. எங்க சர்ச் சண்டே ஸ்கூல்ல டீச்சரா சேரணும்னாலே ரெஃபரன்ஸ் லெட்டர் கேப்பாங்க, இங்க எக்ஸ்எல் சைஸ் இருக்கான்னு கேட்டதோட வேலை முடிஞ்சிருச்சு.

ஹோம் இருந்தது ஊருக்கு வெளிய. வேன் உள்ள நுழையறதுக்கு முன்னாடியே பிள்ளைங்க வரிசையா நிக்குதுங்க, சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் உயர வாரியா, கை கூப்பி கும்பிடு. இறங்கினதும் கையப் பிடிச்சு, இடுப்பக் கட்டி, மடியில ஏறி உக்காந்துருச்சுங்க. ஆன்ட்டிங்க கண்ணுல தண்ணி, பாரு பிள்ளைங்க பாசத்துக்கு எப்படி ஏங்குதுங்கன்னு. நான் ஒரு பாலர் பள்ளியில வேலை பாக்குறவ, எனக்கு அது சரியாப் படல. முன்ன பின்ன தெரியாத ஆள் மடியில நாலு வயசு பிள்ளை தயங்காம வந்து ஏறுதுன்னா அது பாசமில்ல, நெறைய கைக்கு பழகிப்போன பிள்ளை. எங்க பள்ளியில புதுசா ஒரு டீச்சர் வந்தா ரெண்டு நாளைக்கு அம்மா முந்தானைக்குள்ளதான் ஒளியுங்க, அதுதான் நல்லா வளர்ற பிள்ளை.

அடுத்து ப்ரோக்ராம். யூத் பசங்க மாசக்கணக்குல ப்ராக்டிஸ் பண்ண ஆக்ஷன் சாங்க ஆரம்பிச்சா, ரெண்டாவது வரிக்கு முன்னாடியே பிள்ளைங்க கைய சரியா ஆட்டுதுங்க. யாரோ ஏற்கனவே சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. ஒரு சின்ன பொண்ணு எங்க தங்கச்சி போன வாங்கி, தானே செல்ஃபி கேமராவ திருப்பி, கன்னத்துல விரல வச்சு போஸ் குடுத்துட்டு, படம் எடுத்ததும் போன திருப்பி குடுத்துட்டு அடுத்த ஆள்கிட்ட போயிருச்சு. செவுத்துல முன்னாடி வந்த டீமுங்களோட போட்டோ, ஒவ்வொன்னுலயும் ஒவ்வொரு கலர் டி-ஷர்ட்டு. நாங்க கிளம்புறப்ப கேட்டுக்கு வெளிய இன்னொரு வேன் ஏசி போட்டு நின்னுட்டு இருந்துச்சு, உள்ள எல்லாரும் ஆரஞ்சு கலர்.

ஸ்டோர் ரூம் கதைய சொல்லியே ஆகணும். நாங்க கொண்டு போன பெட்டிய உள்ள வைக்க நானும் இன்னொரு அண்ணனும் தூக்கிட்டுப் போனோம். உள்ள பாத்தா கலரிங் புக்கு, கலர் பென்சில், டூத்பிரஷ், கூரை வரைக்கும். பாதி பெட்டி டேப்பு கூட பிரிக்கல, ஒன்னுல கொரியன் எழுத்து, ஒன்னுல ஆஸ்திரேலியா ஸ்டாம்பு. நாங்க கொண்டு போனதும் என்ன, கலரிங் புக்கும் டூத்பிரஷும்தான், ஏஜென்சி குடுத்த லிஸ்ட்ல அதான் இருந்துச்சு. அரிசி மூட்டை எங்கன்னு பாத்தேன், மூலையில ஒன்னே ஒன்னு, அதுவும் பாதி.

அப்புறம் அந்த பையன். பத்து வயசு இருக்கும், எங்ககூட ஃபுட்பால் ஆடினான். ட்ரான்ஸ்லேட்டர் தம்பிய விட்டு எந்த ஊருன்னு சும்மா கேட்டேன். ஊர் பேரு சொன்னான், அம்மா புனோம் பென்ல கார்மெண்ட் ஃபேக்டரில வேலை பாக்குறாங்களாம், கெமர் புது வருஷத்துக்கு வந்து கூட்டிட்டுப் போவாங்களாம். அந்த புது வருஷம் நம்ம சித்திரை ஒன்னு வர்ற அதே சமயம்தான். ட்ரான்ஸ்லேட்டர் தம்பி என்ன பாத்து, அக்கா, இங்க பாதிக்கு மேல இப்படித்தான்னு மெல்ல சொன்னான். எங்க ப்ரோஷர்ல என்ன போட்டிருந்துச்சு? அனாதைப் பிள்ளைகள்.

சிங்கப்பூர் வந்ததும் தேடிப் படிச்சேன். 2011ல கம்போடியா அரசாங்கமும் யுனிசெஃபும் சேந்து வெளியிட்ட ஆய்வுல, இந்த மாதிரி ஹோம்ல இருக்குற பிள்ளைங்கள்ல நாலுக்கு மூணு பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்கன்னு இருக்கு. 2005ல இருந்து 2010க்குள்ள ஹோமுங்க எண்ணிக்கை முக்கால் பங்கு கூடியிருக்கு. சண்டை முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு, அனாதை கூடுறதுக்கு காரணமே இல்ல, கூடினது டூரிஸ்ட்டு கூட்டமும் டொனேஷனும்தான். ஸ்கூல் இருக்கு, மூணு வேளை சோறு இருக்குன்னு சொன்னா ஏழை பெத்தவங்க நம்பி அனுப்பத்தான் செய்வாங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது. அரசாங்கமே 2015ல ஹோமுங்களுக்கு ரூல்ஸ் கொண்டு வந்துச்சு, அடுத்து அஞ்சு மாகாணத்துல 30 சதவீத பிள்ளைங்கள வீட்டுக்கு திருப்பி அனுப்புவோம்னு டார்கெட்டும் வச்சுச்சு. அதாவது அந்த ஊரு அரசாங்கம் பிள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பப் பாக்குது, நாங்க டி-ஷர்ட்ட மாட்டிக்கிட்டு போய் ஹோமுக்கு காசு கவர் குடுத்துட்டு வரோம்.

கணக்கையும் போட்டேன், வயிறு எரிஞ்சுச்சு. டிக்கெட் உட்பட ஆளுக்கு ஆயிரத்து இருநூறு சிங்கப்பூர் வெள்ளி கிட்ட. கம்போடியால 2025க்கு கார்மெண்ட் தொழிலாளிக்கு மினிமம் சம்பளம் மாசம் 208 யூஎஸ் டாலர். அந்த பையனோட அம்மா நாலு மாசம் மெஷின் மிதிச்சாலும் எங்கள்ல ஒரு ஆள் செலவு பண்ண காசு வராது. இத நான் க்ரூப்ல போட்டேன், ஒருத்தர் அப்ப யாருமே போகக்கூடாதாம்மான்னு கோவப்பட்டாரு. நான் அப்படி சொல்லல அங்கிள், போற எடத்த மாத்துங்கன்னு சொல்றேன்.

ஏன்னா அதே ட்ரிப்ல ரெண்டு எடம் அருமையா இருந்துச்சு, ரெண்டும் ஏஜென்சி லிஸ்ட்ல எக்ஸ்ட்ரா ஐட்டமாத்தான் போட்டிருந்தாங்க. ஒன்னு, தெருவுல சுத்திட்டு இருந்த பசங்களுக்கு சமையல், சர்வீஸ் எல்லாம் ட்ரெயினிங் குடுத்து வேலைக்கு அனுப்புற ரொம்டெங் ரெஸ்டாரண்ட்டு, புனோம் பென்ல. இத நடத்துற ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் 1994ல அங்கயே ஆரம்பிச்ச அமைப்பு, பிள்ளைங்க டூரிஸ்ட்டுங்க பாக்குற பொருள் இல்லன்னு ஊர் முழுக்க பிரச்சாரம் பண்ணது இவங்கதான். அங்க சாப்பிட்டா காசு ட்ரெயினிங்குக்கு போகும், எந்த பிள்ளையும் நமக்காக ஆட வேண்டியதில்ல. பரிமாற வந்த பையன் ஆர்டர தப்பா எழுதிட்டு, சீனியர்கிட்ட கேட்டு திருத்திட்டு வந்து சிரிச்சான், நல்லா இருந்துச்சு அத பாக்க.

இன்னொன்னு சியம் ரீப்புல, அங்கோர் கோயிலுக்குப் போற ரோட்டுலயே இருக்குற ஜெயவர்மன் ஏழாவது ஹாஸ்பிடல். (ராஜா பேரெல்லாம் வர்மன் வர்மன்னு முடியறப்ப நம்ம பல்லவர் பாடம் ஞாபகம் வரும், அது தனிக்கதை.) பியாட் ரிச்னர்னு ஒரு சுவிஸ் டாக்டர், 1992ல புனோம் பென்ல காந்தா போபா ஆஸ்பத்திரிய திரும்ப எழுப்பி, அப்புறம் இதையும் கட்டினாரு, பிள்ளைங்களுக்கு வைத்தியம் ஃப்ரீ. சனிக்கிழமை ராத்திரி செல்லோ வாசிச்சு டூரிஸ்ட்டுங்ககிட்ட காசும் ரத்தமும் கேப்பாராம், 2018ல காலமாயிட்டாரு. எங்க பாஸ்டரும் யூத்து பசங்க சிலரும் ரத்தம் குடுத்தாங்க. அங்க பிள்ளைங்க வார்டுக்குள்ள யாரையும் விடல, போட்டோவும் கூடாது, ரத்தத்த எடுத்துக்கிட்டு நன்றி சொல்லி அனுப்பிட்டாங்க. மழைக் காலத்துல டெங்கி சீசன்ல ரத்தம் நெறைய தேவப்படும். பாஸ்டர் வெளிய வந்து கைய மடக்கிட்டே சொன்னாரு, இந்த ட்ரிப்புலயே நம்மளால உருப்படியா ஒரு காரியம் நடந்துச்சுன்னா இதுதான் போல.

எங்க டி-ஷர்ட் முதுகுல யாக்கோபு 1:27 போட்டிருந்துச்சு. ராத்திரி ஷேரிங்ல பாஸ்டரம்மா ஒன்னு சொன்னாங்க, இத்தன வருஷம் கேட்டும் எனக்கு தோணல: அந்த வசனத்துல திக்கற்ற பிள்ளைங்கள மட்டும் சொல்லல, விதவைங்களையும் சேத்துத்தான் சொல்லியிருக்கு, அதுவும் அவங்க படுற உபத்திரவத்துல போய் விசாரின்னு. தாய ஒரு பக்கம் பிள்ளைய ஒரு பக்கம் பிரிச்சு வச்சிட்டு பிள்ளைய மட்டும் போய் பாத்துட்டு வர்றது எந்த கணக்குல சேரும்னு கேட்டாங்க. பெத்தவங்க புத்த கோயிலுக்குப் போறவங்க, அவங்களுக்கு தெரியாம பிள்ளைக்கு நம்ம பாட்டு, நம்ம ஜெபம்; அது பத்தியும் அன்னைக்கு பேச்சு வந்துச்சு, கொஞ்சம் சூடாவே போச்சு, அத இங்க இழுக்கல.

ஏஜென்சிக்கு பெரிய மெயில் போட்டேன். பதில் மரியாதையா வந்துச்சு, எஸ்கேப் ஆகல, அதுக்கு நன்றி. ஆனா சாரம் என்னன்னா, ஹோம் விசிட் இல்லாத பேக்கேஜ சர்ச்சுங்க வாங்க மாட்டாங்க சிஸ்டர்னு. அதுலயும் உண்மை இருக்குன்னு ஒத்துக்கணும், நம்ம சபையில ஸ்லைடு போட்டு சாட்சி சொல்றப்ப பிள்ளைய தூக்கி வச்சிருக்க படம் இல்லன்னா காணிக்கை தட்டுல சத்தம் கம்மியாத்தான் கேக்குது.

புக் பண்ணப் போறவங்க ஏஜென்சிகிட்ட கேக்க வேண்டியது: அந்த ஹோம் கவர்மெண்ட்ல பதிவா, போன வருஷம் எத்தன பிள்ளைங்கள வீட்டுக்கு திருப்பி அனுப்புனாங்க, மாசத்துக்கு எத்தன டீம் வருது, எங்க ஆளுங்கள நீங்க எப்படி செக் பண்ணுவீங்க. முதல் கேள்விக்கு டக்குன்னு பதில் வரும், ரெண்டாவதுக்கு இழுப்பாங்க, இழுத்தாங்கன்னா அந்த நாள வெட்டச் சொல்லுங்க. நாங்க கேட்டதுல ஹோம் இல்லாமலும் அதே வெலைக்கு பண்ணித் தரோம்னு கடைசியா எழுத்துல குடுத்துட்டாங்க, அந்த நாளுக்கு பதிலா அங்க இருக்குற ஒரு கிராமத்து சர்ச்சு மூலமா, பிள்ளைங்கள வீட்டுலயே வச்சு படிக்க வைக்குற குடும்பங்களுக்கு ஸ்கூல் சைக்கிளும் அரிசியும், அதையும் அந்த சர்ச்சு ஆளுங்களே குடுப்பாங்க, நாங்க கூட நிக்க வேண்டியதில்ல. எங்க கமிட்டி இன்னும் முடிவு பண்ணல, ட்ரெஷரர் அங்கிள் எங்க பக்கம். யாராவது இதே ஏஜென்சில போறீங்கன்னா வேன் டிரைவர் மட்டும் முன் பல்லுல தங்கம் கட்டினவரத்தான் வேணும்னு கேட்டு வாங்கிக்கோங்க, மத்தவரு ஹார்ன விட்டு கைய எடுக்க மாட்டாராம்.