வயிற்றுவலிக்குக் கவுன்சிலிங்கா என்று கேட்டவன் எழுதும் விமர்சனம்

பள்ளி இருக்கும் நாட்களில் காலை ஏழு மணிக்கு வயிற்றுவலி வரும், பத்து மணிக்குத் தானாகச் சரியாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை வலியே கிடையாது. இப்படியே மூன்று மாதம். குழந்தை மருத்துவர் ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு "உடம்பில் ஒன்றும் இல்லை, ஒரு கவுன்சிலரைப் பாருங்கள்" என்று சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மகளுக்கு 13 வயது. நடிக்கிறாள், நாலு அதட்டு அதட்டினால் கிளம்பிவிடுவாள் என்று நினைத்த அப்பன் நான். அதட்டியும் பார்த்தேன். வாசலிலேயே வாந்தி எடுத்தாள்.

மனைவிதான் இந்த மையத்தைத் தேடிப் பிடித்தாள். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவப் பிள்ளைகளுக்கும் மட்டுமான இடம். முதலில் தனியாகக் கவுன்சிலிங், அப்புறம் தேவைப்பட்டால் ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து உட்காரும் குழு அமர்வு. பெயரை எழுதப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அங்கே இன்னும் பிள்ளைகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிப் போகலாமா வேண்டாமா என்று கையைப் பிசைந்துகொண்டு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன், அவ்வளவுதான்.

முதல் நாள் பேச்சே இல்லை, ஃபார்ம்தான். பிள்ளையின் பலம், சிரமம் இரண்டையும் பார்க்கும் எஸ்டிக்யூ என்று ஒரு கேள்வித்தாள், ராபர்ட் குட்மன் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1997-ல் வெளியிட்டது, உலகம் முழுக்க ஓடுகிறதாம். 25 வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உண்மையில்லை, ஓரளவு உண்மை, நிச்சயமாக உண்மை என்று மூன்று கட்டம், ஒன்றில் டிக் போட வேண்டும். பெற்றோருக்கு ஒரு தாள், டீச்சருக்கு ஒரு தாள், 11 வயதோ அதற்கு மேலோ ஆன பிள்ளை என்றால் அதற்கும் தனியாக ஒரு தாள். இரண்டு நிமிடத்தில் என்னுடையதை முடித்துவிட்டு, இதில் என்ன பெரிதாகத் தெரிந்துவிடப் போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார் கவுன்சிலர். அவளுக்கு நல்ல தோழி ஒருத்தியாவது இருக்கிறாள் என்ற வரியில் நான் "நிச்சயமாக உண்மை" என்று போட்டிருந்தேன். டீச்சரும் அப்படியே. மகள் "உண்மையில்லை" என்று போட்டிருந்தாள், பேனாவை அழுத்தி, தாளின் பின்பக்கம் தடம் தெரியும்படி. என் மூன்று மாதக் கோபம் அந்த இடத்தில்தான் இறங்கியது.

மகளை அனுப்பிவிட்டு எங்களிடம் அவர் முதலில் சொன்னது, வலி பொய்யில்லை என்பது. பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ தயாராகிறது, ரத்தம் கை கால் தசைகளுக்குப் போகிறது, செரிமானம் பின்னால் தள்ளப்படுகிறது, வயிறு பிசைகிறது. "சரி, இன்னைக்கு வீட்டிலேயே இரு" என்று நாம் சொன்னவுடன் பயம் இறங்குகிறது, வலியும் போகிறது. அந்த நிம்மதிதான் வினை. வீட்டில் இருந்தால் சரியாகிவிடும் என்று மூளை கற்றுக்கொள்கிறது, மறுநாள் பயம் இன்னும் கொஞ்சம் பெரிதாக வருகிறது. அதட்டுவதும் தப்பு, விட்டுவிடுவதும் தப்பு என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

வேலை நடந்தது ஒரு ஏணியில். நிஜமாகவே தாளில் வரைந்த ஏணி, எட்டுப் படி. கீழ்ப்படியில் பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே இருப்பது. மூன்றாவதில் பள்ளி வாசல் வரை போய்த் திரும்புவது, அதுவும் பள்ளி விட்ட பிறகு. மேல்படியில் முழு நாள் இருந்து, இடைவேளையில் யாரிடமாவது ஒரு வார்த்தை பேசுவது. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் பயத்துக்கு மார்க் போட வேண்டும், மார்க் போடுவது அவள், நாங்கள் இல்லை. ஆறாவது படிவரை ஏறியவள் ஒரு வாரம் சட்டென்று நாலாவதுக்கு இறங்கிவிட்டாள். எல்லாம் போச்சு என்று நான் பதறினேன். கவுன்சிலர் அலட்டிக்கொள்ளாமல் ஐந்தாவதை இரண்டு சின்னப் படியாக உடைத்துத் தாளில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். முதல் நாளே மகளையும் வைத்துக்கொண்டு தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து, இன்னொருவருக்கு ஆபத்து, யாராவது அவளைத் துன்புறுத்துவது, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் சும்மா இருக்க மாட்டோம், மற்றதெல்லாம் அவளுடையது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை. ஒருநாள் பொறுக்காமல் "ஒரு வரியாவது சொல்லுங்களேன்" என்று கேட்டுவிட்டேன். "அவகிட்டயே கேளுங்க சார், சொன்னா சொல்லட்டும், சொல்லலேன்னா விட்டுடுங்க" என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்த இடத்துக்கு நான் மார்க் போடுவதே முக்கியமாக இதற்காகத்தான். கதவு சாத்தியிருந்ததால்தான் அவள் பேசியிருக்கிறாள்.

அப்புறம் குழு. இதற்கு நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. வேறு பிள்ளைகளின் பிரச்சினையையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டு வருவாளோ, கெட்ட பழக்கம் ஏதாவது தொற்றிக்கொள்ளுமோ என்றெல்லாம் பயம். தயங்கித் தயங்கிக் கேட்டேன், சிரிப்பார்கள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நியாயமான கேள்விதான் என்றார்கள். முரட்டு நடத்தை உள்ள பதின்ம வயதினரை மட்டும் ஒன்றாக உட்காரவைத்தால் ஒருவர் பேச்சுக்கு இன்னொருவர் சிரித்துச் சிரித்தே நடத்தை மோசமாகலாம் என்று டிஷியன், மெக்கார்ட், பூலின் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து 1999-ல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்களாம். அதனால் யார் யாரைச் சேர்ப்பது என்று தனித்தனியாகப் பேசிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள். எங்கள் குழுவில் எல்லாருமே பதற்றம், பள்ளிக்குப் போக மறுப்பது என்று வந்தவர்கள். பத்து வாரம், வாரம் ஒருமுறை, இரண்டாவது வாரத்துக்குப் பிறகு புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. ஒரு கவுன்சிலர் நடத்துவார், இன்னொருவர் ஓரமாக உட்கார்ந்து யார் வாய் திறக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பார். கையில் ஒரு துணிப் பந்து, அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், பேச இஷ்டமில்லையென்றால் அடுத்தவரிடம் தூக்கிப் போட்டுவிடலாம். முதல் இரண்டு வாரமும் பந்தை வாங்கின வேகத்தில் தூக்கிப் போட்டுவிட்டதாக மகளே சொன்னாள்.

மூன்றாவது வாரம் காரில் ஏறினவள், பெல்ட்டைப் போட்டுக்கொண்டே, "அப்பா, அங்க இன்னொருத்தங்களுக்கும் என்ன மாதிரியே ஞாயித்துக்கிழமை வலிக்காதாம்" என்றாள். யார் என்று கேட்டேன். "அது சொல்லக் கூடாது" என்றாள். குழுவில் கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று எல்லாரும் முதல் வாரமே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். (பிள்ளைகளின் வாக்குத்தானே, கவுன்சிலர் காக்கும் ரகசியம் மாதிரி அதற்கு உத்தரவாதம் கிடையாது, இதை மையமே வெளிப்படையாகச் சொன்னது.) உலக அளவில் 10 முதல் 19 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதை நானும் மனைவியும் எத்தனையோ தடவை அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறோம், காதிலேயே வாங்கவில்லை. யாரோ ஒரு பிள்ளை சொன்ன ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் அவளாகவே ஆறாவது படியில் ஏறினாள்.

இனி குறைகள். முதலாவது பெரியது. தனி அமர்வு ஏழாவது முடிந்து எட்டாவதுக்குப் போனால் வேறு கவுன்சிலர் உட்கார்ந்திருக்கிறார். பழையவர் வேலையை விட்டுவிட்டாராம், எங்களுக்கு ஒரு போன்கூட இல்லை. மனிதர்கள் வேலை மாறத்தான் செய்வார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் ஒரு பிள்ளை ஏழு வாரம் கஷ்டப்பட்டு ஒருவரை நம்ப ஆரம்பித்திருக்கிறது, ஒரு அமர்வாவது சொல்லிக்கொண்டு விடைபெற வேண்டாமா? இரண்டு வாரம் புது ஆளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. புகார் சொன்னோம், மன்னிப்புக் கேட்டார்கள், இனி முன்கூட்டியே சொல்வோம் என்றார்கள். சொல்கிறார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை.

குழுவில் வயது இடைவெளியும் அதிகம். 10 வயதுப் பிள்ளையும் 16 வயதுப் பையனும் ஒரே வட்டத்தில். சின்னதுக்கு விளையாட்டு வேண்டும், பெரியவனுக்கு அந்தத் துணிப் பந்தே அவமானம், அவன் நாலாவது வாரத்தோடு நின்றுவிட்டான். மொத்தப் பத்து வாரத்தில் பெற்றோர் கூட்டம் இரண்டே தடவை, அதிலும் ஒன்று முழுக்க செல்போன் பற்றிய உபதேசம். வெயிட்டிங் லிஸ்ட் வேறு நீளம், எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. பிள்ளை சாகப் போகிறேன் என்ற மாதிரி ஏதாவது பேசினால் இந்த வரிசையில் நின்றுகொண்டிருக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மையத்தில் போனை எடுப்பவர்களும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள், அது நல்ல விஷயம்.

இப்போது வாரத்தில் நாலு நாள், சில வாரம் ஐந்து நாளும் பள்ளிக்குப் போகிறாள். பரீட்சைக்கு முந்தின நாள் வயிறு வலிக்கத்தான் செய்கிறது. அடுத்த குழுவில் சேருகிறாயா என்று கேட்டதற்கு, "பெரியவங்க குரூப் தனியா வச்சா வரேன்" என்றாள். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று, சொல்லாமல் கவுன்சிலரை மாற்றினார்களே, அதற்கு.