விடியற்காலை நாலரைக்குக் கிளம்பும் புல்லட்டுக்கு எந்த சைலன்சர்?

பாலக்கோட்டில் எங்கள் தெருவில் மொத்தம் முப்பது வீடு இருக்கும். அதில் விடியற்காலை நாலரைக்கு வண்டி எடுக்கிற ஆள் நான் ஒருவன்தான். தக்காளி மண்டியில் லோடு ஏறும்போது பக்கத்தில் நிற்காவிட்டால் கிரேடு கணக்கு உதைக்கும், அதனால் போயே ஆக வேண்டும். வண்டி 1988 மாடல் புல்லட் 350. காஸ்ட் அயர்ன் இன்ஜின், வலது காலில் கியர். அப்பா ஓட்டியது. இளவயதில் நான் ஆசைப்பட்டு மாட்டிய, சத்தம் அதிகம் போடும் கோல்டி சைலன்சர் போன வருஷம் வரை அதில் இருந்தது.

ஒரு நாள் எதிர்வீட்டு ஆயா கூப்பிட்டது. "ஏம்ப்பா, நீ கிக்கர ஒதைச்சா எங்க கன்னுக்குட்டி கயித்த அத்துக்கிட்டு ஓடுது. அதுக்கு ஒரு வழி பண்ணுப்பா." திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். கன்றுக்குட்டியைச் சொன்னதும் வாயைத் திறக்க முடியவில்லை.

கையில் ஒதுக்கிய பணம் மூவாயிரம். சத்தம் குறைய வேண்டும், இன்ஜின் மூச்சு முட்டக் கூடாது, பழைய வண்டி பழைய வண்டியாகத் தெரிய வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒத்துவரும் சைலன்சரைத் தேடி தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று மாதக்கணக்கில் அலைந்தேன்.

கடைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதை நான் கடைசியில்தான் செய்தேன். சத்தம் முழுக்க சைலன்சரிலிருந்து வருவதில்லை. இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய்தான் பெண்ட் பைப். இந்த இன்ஜினில் அது ஹெட்டுக்குள், அதாவது இன்ஜினின் தலைப்பகுதிக்குள், சும்மா சொருகித்தான் நிற்கிறது. அந்த இடம் தளர்ந்துவிட்டால் சத்தம் முன்பக்கமே கசியும். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது த்ராட்டிலை விட்டதும் பட்பட்டென்று வெடிக்கிறதா? பெரும்பாலும் இதுதான் காரணம். கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோல் ஆவி பைப்புக்குள் வெடிக்கிறது. காலையில் இன்ஜின் சூடாகும் முன் ஸ்டார்ட் செய்து, அந்த மூட்டருகே ஊதுபத்தி பிடித்துப் பாருங்கள், புகை சிதறினால் கசிவு. சைலன்சர் பேஸ்ட் தடவி, பிராக்கெட்டை இறுக்கியதிலேயே எனக்குக் கால்வாசி சத்தம் போய்விட்டது. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கோன் ஃபில்டர் மாட்டியிருந்தால் அதையும் பழையபடி மாற்றுங்கள். இன்ஜின் காற்றை இழுக்கும் சத்தமும் சத்தம்தான்.

சரி, சைலன்சருக்கு வருவோம். புல்லட் ஐடிலில் நிமிஷத்துக்கு 900 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை எரிகிறது, அதாவது வினாடிக்கு ஏழெட்டு அடி. அந்த அடியோடு வரும் கனத்த சத்தத்தைப் பஞ்சு பிடித்து நிறுத்தாது. சைலன்சருக்குள் அடைக்கிற கிளாஸ் வூல் என்னும் கண்ணாடிப் பஞ்சு, கீச்சென்று வரும் மேல் சத்தத்தைத்தான் விழுங்கும். அடிச்சத்தத்தைக் குறைக்க உள்ளே அறை அறையாக இடம் வேண்டும், புகை முட்டி, திரும்பி, விரிந்து வெளியேற வேண்டும். அந்தக் காலத்துக் கம்பெனி சைலன்சர் நீளமாகவும் கனமாகவும் இருப்பது இதற்காகத்தான். கடையில் யார் என்ன சொன்னாலும் இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பேச்சு அடிபட்டுப் போகும்.

முதலில் மாற்றிப் பார்த்தது இருந்த கோல்டியையே. ஓட்டை போட்ட உள்குழாயைச் சுற்றிப் புதுப் பஞ்சு அடைத்தேன், வாயில் ஒரு அடைப்பான் சொருகினேன். முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. முதல் வாரம் சுகமாக இருந்தது. அப்புறம் பஞ்சு எண்ணெயில் நனைந்து, கருகி, தூளாகி வெளியே வந்துவிட்டது. அடைப்பானோ, சத்தத்தை விட்டுவிட்டு இன்ஜினை அடக்கியது. ராயக்கோட்டை மேட்டில் மூன்றாவது கியரில் ஏறும் வண்டி இரண்டாவது கேட்டது. சத்தமும் பெரிதாகக் குறையவில்லை. கோல்டி பார்க்க அழகு, ஆனால் என் தேவைக்கு அது ஆகாது. ஷார்ட் பாட்டில், இந்தூரி, பஞ்சாப் எல்லாம் இந்தப் பட்டியலிலேயே வர வேண்டியதில்லை. அவை சத்தத்துக்காகவே விற்கிறவை. அதோடு மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி சத்த வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அளவு. நான் கிளம்பும் நாலரை மணி அந்தக் கணக்கில் ராத்திரி. ஆயா சட்டம் படிக்கவில்லை, நியாயம் அது பக்கம்தான்.

அடுத்து பரணில் கிடந்த ஒரிஜினல். அப்பா கழற்றியதை அம்மா பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்தார். கையில் எடுத்ததும் அந்தக் கனமே தனி. ஆனால் சைலன்சரில் துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டி நிறுத்துகிற வண்டியில் அது வெளியேறாமல் சைலன்சரின் அடிவயிற்றில் தங்கிவிடும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். முன்பாதி டங் டங் என்றது. பின்பாதியில் பொத் பொத். நுனியால் லேசாக அழுத்தினேன், அப்பளம் மாதிரி உள்ளே போனது. ஒரு பட்டறையில் 600 ரூபாய்க்குத் தகடு வைத்து கேஸ் வெல்டிங் செய்து கொடுத்தார்கள். சத்தம் அருமை, நான் கேட்டதிலேயே நல்ல சத்தம் அதுதான். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. வெல்டிங் நின்றது, அதற்குப் பக்கத்தில் இருந்த பழைய தகடு கிழிந்தது. உள்ளே புகையைத் தடுத்துத் திருப்புகிற தகடான பேஃபிளும் கழன்று உண்டியல் குலுக்குவதுபோல ஆட ஆரம்பித்தது. உங்கள் ஒரிஜினல் முழுக்க டங் என்று ஒலித்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள், அதையே போடுங்கள். எங்காவது பொத் என்றால் வெல்டிங்குக்குப் பணம் கொட்ட வேண்டாம்.

மூன்றாவது, கடைக்காரர்கள் 'கம்பெனி மாடல்' என்று விற்கிற புது நகல். இதில்தான் ஏமாற நிறைய இடம் இருக்கிறது. ஒரே கடையில், ஒரே மாதிரி பளபளப்பில், இரண்டு சைலன்சர் காட்டினார்கள். ஒன்று 1,400, இன்னொன்று 2,300. "ரெண்டும் ஒண்ணுதாண்ணா, இது பிராண்டு" என்றான் கடைப் பையன். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் இரண்டையும் தூக்கி வைத்தேன். விலை குறைந்தது முக்கால் கிலோ எடை குறைவு. அந்த முக்கால் கிலோதான் தகட்டின் கனமும் உள்ளே இருக்க வேண்டிய பேஃபிளும். பிறகு வால் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். லேசான சைலன்சரில் வெளிச்சம் நேராக மறுபக்கம் வந்தது. அப்படி வந்தால் சத்தமும் நேராகத்தான் வரும். கனமானதை வாங்கி மாட்டினேன், சத்தம் நன்றாகவே குறைந்தது, தோற்றமும் 1988-க்குப் பொருந்தியது. குறை என்னவென்றால் ஏழாவது மாதம் கிளாம்ப் பக்கத்தில் குரோம் உரிய ஆரம்பித்தது. வண்டியை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறவர்களுக்கு, கண்காட்சிக்குக் கொண்டு போகிறவர்களுக்கு, இதுதான் சரி என்பேன். தினமும் பனியில் நனைகிற வண்டிக்கு ஆயுசு போதாது. இப்போது அதைத் துடைத்து எண்ணெய் பூசிப் பரணில் ஏற்றிவிட்டேன்.

ஓசூரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்து தருகிற பட்டறைகளையும் விசாரித்தேன். நான் ஒதுக்கிய பணத்தில் பாதி சைலன்சர்தான் வரும். பணம் உள்ளவர்கள் 304 கிரேடு கேளுங்கள். 202 விலை குறைவு, துருவும் சீக்கிரம் பிடிக்கும். உள்ளே எத்தனை அறை வைப்பார்கள் என்று கேளுங்கள். பதிலுக்கு "பஞ்சு வச்சிடலாம்" என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

கடைசியில் எனக்கு வாய்த்தது யாரும் விளம்பரம் செய்யாத ஒன்று. புதிதாக புல்லட் வாங்கும் பையன்கள் முதல் வேலையாக என்ன செய்கிறார்கள்? கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு சத்தம் போடும் ஒன்றை மாட்டுகிறார்கள். கழற்றியது எங்கே போகிறது? மெக்கானிக் கடையின் பின்சுவரில் சாய்ந்து கிடக்கும், இல்லையென்றால் காயலான் கடையில் கிலோ கணக்கில். சத்தம் வேண்டாம் என்று நாம் தேடுவதைத்தான் சத்தம் வேண்டும் என்கிறவன் தூக்கி எறிகிறான்! காரிமங்கலம் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் அப்படி நாலைந்து கிடந்தன. காஸ்ட் அயர்ன் காலத்தின் கடைசியில் வந்த ஸ்டாண்டர்ட் 350-இல் கழற்றிய ஒன்றை 800 ரூபாய்க்கு எடுத்தேன். தூசி தட்டினால் புதுசு.

இதை வாங்குகிறவர்கள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். விட்டம் அளக்கும் வெர்னியர் எடுத்துக்கொண்டு போய் உங்கள் பெண்ட் பைப்பின் வெளிவிட்டத்தையும் சைலன்சர் வாயின் உள்விட்டத்தையும் அளங்கள். கொஞ்சம் லூசாக இருந்தால் லேத்தில் ஒரு ஸ்லீவ் கடைந்துகொள்ளலாம், எனக்கு 150 ரூபாய் ஆனது. மாட்டிப் பார்க்கும்போது கிக்கர் முழுதாக இறங்குகிறதா, பின் அச்சு நட்டுக்கு ஸ்பேனர் போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, முன்வாயில் டார்ச் அடிக்கும்போது தேன்கூடு மாதிரி தெரிந்தால் அது புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். அதை நம் வண்டிக்கு எடுக்காதீர்கள். பழைய இன்ஜின் கொஞ்சமாவது ஆயில் குடிக்கும், அந்தக் கரி தேன்கூட்டை அடைத்துவிடும்.

மாட்டிய முதல் வாரம் வண்டி இழுவை இல்லாமல் புகை கக்கியது. சைலன்சரைக் குறை சொல்லப் போய், பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கன்னங்கரேல். அப்போதுதான் ஞாபகம் வந்தது, கோல்டி மாட்டிய காலத்தில் கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாகப் போட்டிருந்தேன். புகை தடையில்லாமல் போகும் சைலன்சருக்குப் பெட்ரோல் அதிகம் தேவை, இதற்கு அவ்வளவு தேவையில்லை. பழைய ஜெட்டைத் திரும்பப் போட்டதும் பிளக் நுனி செங்கல் நிறத்துக்கு வந்தது.

யமஹா ஆர்எக்ஸ் 100, எஸ்டி ரோட்கிங், ஓசூரிலேயே செய்த இண்ட்-சுசுகி போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் இதில் எதையும் அப்படியே பின்பற்ற வேண்டாம். டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் வடிவமே இன்ஜினின் இழுவையைத் தீர்மானிக்கிறது. வேறு மாடலைக் கொண்டுவந்து பொருத்தினால் சத்தம் குறைவதற்கு முன் இழுவை போய்விடும். அவர்கள் ஒரிஜினலைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்வதே நல்லது.

என் வண்டியைப் பார்க்கிறவர்கள் "என்னண்ணா, புது வண்டி சைலன்சரா?" என்று கேட்கிறார்கள். தோற்றத்தில் அந்த ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. கன்றுக்குட்டி இப்போது காதை மட்டும் ஆட்டுகிறது. புதுப் பிரச்சினை வேறு. சைலன்சர் அடங்கிய பிறகு இத்தனை வருஷம் அதற்கடியில் ஒளிந்திருந்த டேப்பட் சத்தம், அதாவது இன்ஜின் வால்வைத் தள்ளும் பாகங்களின் சத்தம், டிக்டிக்கென்று கேட்கிறது. இந்த இன்ஜினுக்கு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வேண்டாம். ஆறிய இன்ஜினில் டேப்பட் மூடியைக் கழற்றி, புஷ் ராடு விரலுக்குச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மண்டி விட்டு வந்ததும் அந்த வேலைக்கு உட்கார வேண்டும்.